நாற்றுப் பைகளும் நான் அடித்த மூன்று எண்களும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேசச் சொல்லிக் கூப்பிட்டபோது, "நம்ம மக்கும் பை எப்படி வெற்றி பெற்றதுன்னு சொல்லுங்க மிஸ்" என்றுதான் கேட்டார்கள். வெற்றி பெற்ற விதம் அறிக்கையிலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். அறிக்கையின் கடைசியில் சின்ன எழுத்தில் "திருத்தப்பட்டது" என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல் அங்கே வந்த கதையைச் சொல்கிறேன். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. இப்போது சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அன்று இருந்தது.

ஹட்டனில் இந்த ஆய்வுக்கூடம் இரண்டே அறைகளாக இருந்த காலம். தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலிக்கும்போது நாரும் காம்பும் மலையாக ஒதுங்கும். அதை எரிப்பார்கள், அல்லது பள்ளத்தில் கொட்டுவார்கள். அந்த நாரைக் கண்ணுக்கே தெரியாத நானோ இழைகளாகப் பிரித்தெடுத்து, மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கில் கலந்தால் அது வலுப்படும் என்பதுதான் எங்கள் வேலையின் சாரம். மாவுச்சத்துப் பிளாஸ்டிக் மண்ணில் தானாக மக்கிவிடும், ஆனால் வெறும் மாவுச்சத்து பலமில்லாதது. மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைப்பது போல, உள்ளே இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் இழுத்தாலும் தாங்கும்.

முதலில் எதைச் செய்வது என்று கேள்வி வந்தபோது நான்தான் தேயிலை நாற்றுப் பை என்றேன். நான் பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில். தேயிலை நர்சரியில் ஒவ்வொரு தண்டும் கறுப்புப் பொலித்தீன் பையில்தான் வேர்விடும். மலையில் நடும் அன்று பையைக் கத்தியால் கிழித்து உருவிப் போடுவார்கள். கிழிக்கும்போது பாதி வேர் போகும். உருவிய பொலித்தீன் தண்ணீர் ஓடும் கானில் அடைத்து, மழையில் மண்ணோடு கீழே இறங்கி, ஆற்றில் போய்ச் சேரும். பையோடு சேர்த்தே நட முடிந்தால் கத்தியும் வேண்டாம், குப்பையும் இல்லை. எங்கள் தலைவருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. கொழும்பிலிருந்து வந்த சிங்களவர், கண்டிப்பானவர், ஆனால் அநியாயம் செய்யாதவர். "ஜெசிந்தா, நீங்களே இதைப் பொறுப்பெடுங்கள்" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கையால் வார்த்த தாள்கள் அருமையாக வந்தன. நானோ இழைகளைத் தண்ணீரோடு சேர்ந்த களியாகவே கலந்ததால் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி பரவியிருந்தன. ஆனால் ஆயிரக்கணக்கில் பை செய்ய வேண்டுமானால் கினிகத்தேனையில் ஒரு சின்னப் பொலித்தீன் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே பிளாஸ்டிக்கை உருக்கிக் காற்றடித்துப் பலூன் போல ஊதுவார்கள். அந்த இயந்திரத்துக்குள் ஈரம் போனால் பலூன் வெடித்துவிடும். ஆகவே களியைக் காயவைத்து, இடித்து, தூளாக்கிக் கொண்டுபோனோம்.

நான் செய்த முதல் பிழை அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் அதை நான் பிழையாக எண்ணவில்லை.

பட்டறையில் இயந்திரத்தை இயக்கியவரை எல்லாரும் பாஸ் என்பார்கள். எனக்கு அவர் பெயர் கடைசிவரை தெரியாது. ஐம்பது வயதிருக்கும். சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார். முதல் சுருள் இறங்கியதும் ஒரு முழம் வெட்டி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மிஸ், இதுல பொட்டுப் பொட்டா என்னமோ இருக்கு."

"அது தேயிலை நார் நிறம் பாஸ். அப்படித்தான் இருக்கும்."

"நிறம் சரி. பொட்டு வேற. பொலித்தீன்ல இப்பிடி வந்தா நான் மெஷின நிப்பாட்டிருவேன்."

"இது பொலித்தீன் இல்லையே பாஸ்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "சரி மிஸ். நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி இயந்திரத்துக்குப் போனார். அவர் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தாலாவது எனக்கு உறைத்திருக்கும்.

அந்தச் சுருளிலிருந்து இருபது கீற்று வெட்டி இழுவை இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தேன். பதினேழு கீற்று நன்றாகத் தாங்கியது. மூன்று கீற்று பாதி இழுப்பிலேயே அறுந்தது. அந்த இயந்திரத்தின் பிடி அப்போது தேய்ந்திருந்தது. அதற்கு முந்தின மாதம் நிஜமாகவே கீற்றுகள் நழுவி எண்கள் கெட்டுப்போயிருந்தன. இதுவும் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறிப்பேட்டில் அந்த மூன்று எண்களின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "பிடி நழுவியது" என்று எழுதினேன். சராசரி அழகாக வந்தது. அறிக்கை அந்த வெள்ளிக்கிழமை போக வேண்டியிருந்தது. போயிற்று.

பொய் சொன்னேனா என்றால், இல்லை என்றுதான் அன்று சத்தியம் செய்திருப்பேன். நழுவியதா என்று திரும்பப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பார்க்கவில்லை. பார்த்தால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயம் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. அதை இப்போது சொல்ல முடிகிறது.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்று எங்கள் பைகளைப் பரீட்சிக்கச் சம்மதித்தது. அங்கே நர்சரிக்குக் கங்காணியாக இருந்தவர் செல்வராணி. என்னைவிடச் சில வயது இளையவர். இருபது வருடமாக நாற்று வளர்க்கிறவர். பையை வாங்கிக் கையில் கசக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார்.

"தேத்தண்ணி வாசம் வருதுங்க மிஸ்."

"தேயிலை நாரும் கலந்திருக்கு."

"நானோன்னு சொல்றாங்களே, அது மண்ணுல போனா பிள்ளைகளுக்கு ஒன்னும் செய்யாதுங்களா? தண்ணிய நாங்க கீழ பீலியில தானே புடிக்கிறோம்."

நல்ல கேள்வி. பெரிய கூட்டங்களில்கூட யாரும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. "இது மரத்துலயும் செடியிலயும் ஏற்கனவே இருக்குற நார்தான். சின்னதாப் பிரிச்சிருக்கோம். மண்ணுலயும் தண்ணியிலயும் சோதிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். இதுவரைக்கும் கெடுதி எதுவும் பார்க்கல. பார்த்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்" என்றேன்.

"அப்ப பை தாங்குமா? பத்து மாசம் நிக்கணுங்க."

"தாங்கும்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

அந்த நாற்றுகள் யாருக்கு என்பதை அவர் பிறகுதான் சொன்னார். தோட்டத்தில் ஒரு மலையிலிருந்த பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, அந்த மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தப் பிரிவிலிருந்த குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டில் தானே நட்டு, தானே கொழுந்து பறித்துக் கொடுக்கலாம். பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள அது ஒரு வழி என்று பல பேர் நம்பியிருந்தார்கள். ஆனால் தோட்டத்தை நிர்வகித்த தொரை ஒரு கெடு வைத்திருந்தார். ஆனி மழைக்கு நட்டாக வேண்டும். அந்த வருடம் நடாவிட்டால் மலையைச் சும்மா போட மேலிடம் விடாது, விறகுக்கு டர்ப்பன்டைன் மரம் வைத்துவிடுவார்கள். செல்வராணியின் மகளும் மருமகனும் அந்தக் குடும்பங்களில் ஒன்று.

ஆவணியில் பைகளில் மண் நிரப்பித் தண்டு குத்தினார்கள். மார்கழியில் நான் போனபோது எல்லாம் பச்சைப்பசேலென்று நின்றன. பனி விழுந்த மாதத்தையும் தாண்டிவிட்டன. நான் நிம்மதியாக இருந்தேன்.

பங்குனியில் ஒரு காலை செல்வராணியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மிஸ், பை கிழியுதுங்க."

"எத்தனை பை?"

"எண்ணலைங்க. தூக்குற கையிலயே கிழியுது. பொம்பளைங்கள நிப்பாட்டிட்டேன். நீங்க வந்து பாருங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. நாற்றுகள் ஏழு மாதமானதும் உயரம் பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள், குட்டை ஒரு பக்கம், நெட்டை ஒரு பக்கம். அதுவரை பைகள் பாத்தியில் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. அன்று காலைதான் முதல் முறையாக ஒவ்வொன்றாகத் தூக்கியிருக்கிறார்கள். முதல் வரிசையில் ஐந்தாறு பைகள் அடியோடு பிளந்து மண் கொட்டிக் கிடந்தது. வெள்ளை வேர் வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. செல்வராணி அவற்றை ஈரச் சாக்குப் படங்கால் மூடி வைத்திருந்தார். பெண்கள் ஏழெட்டுப் பேர் பாத்தி ஓரமாக நின்றார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள்.

"அழுகுதுங்களா மிஸ்?" என்று செல்வராணி கேட்டார்.

"தெரியல" என்றேன்.

தலைவருக்குத் தகவல் சொன்னேன். மத்தியானத்துக்குள் அவரே வந்துவிட்டார். தொரையும் வந்தார். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்திலேயே வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பாத்தியைச் சுற்றி நின்று பேசினோம்.

தலைவர் சொன்னது இதுதான். பை மக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் எல்லாம் கூழாகிவிடும். அதற்கு முன் எல்லா நாற்றையும் கறுப்புப் பொலித்தீனுக்கு மாற்றிவிடுவோம், இந்த வாரமே. பிறகு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தண்ணீர் அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்."

செல்வராணிக்கு அது காதில் விழவில்லை. ஆனால் பை மாற்றும் பேச்சைக் கேட்டதும் முன்னால் வந்தார்.

"சார், இந்த வெயில்ல வேரை ஆட்டினா பாதிச் செடி போயிரும். மிச்சம் வாடி நிக்கும். ஆனிக்கு நட ஏலாது."

"மாற்றாவிட்டால் எல்லாமே போய்விடும் என்கிறார் டைரக்டர்" என்றார் தொரை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக் காலைப் பெரட்டுக்கு ஆள் ஒதுக்கணும். ஒன்று ஐம்பது பேரைப் பை மாத்தப் போடுறேன், இல்ல போடல. நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்பதுதான் அங்கே இருந்த ஆபத்து. பை மக்கிக்கொண்டிருந்தால் தலைவர் சொல்வது சரி, இப்போதே மாற்றியாக வேண்டும், பாதியாவது மிஞ்சும். மக்கவில்லை, சில பைகளில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே பலமில்லாத இடங்கள் இருந்தன என்றால் செல்வராணி சொல்வது சரி. நெருக்கி நிற்கும் வரை பைகள் ஒன்றையொன்று தாங்கும், யாரும் தொடாமலிருந்தால் போதும். பார்வைக்கு இரண்டும் ஒரே கிழிசல்தான்.

கிழிந்த பைகளில் சிலதையும், பாத்தியின் நடுவிலிருந்து முழுப் பைகளில் பத்தையும் செடியோடு எடுத்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குத் திரும்பினேன். பைகளைக் கழற்றி, கழுவி, கீற்று வெட்டினேன். பெருக்கிக் கண்ணாடியில் கிழிசலின் விளிம்பைப் பார்த்தேன். கிழிசல் ஆரம்பித்த இடத்திலெல்லாம் ஒரு பொட்டு இருந்தது. காயவைத்தபோது நானோ இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கின்றன. உருகிய பிளாஸ்டிக்கில் அந்தக் கட்டி கரையவில்லை. வலுவூட்டப் போட்டதே ஓட்டையாகியிருந்தது. பாஸ் வெயிலில் பிடித்துக் காட்டியது அதைத்தான்.

இழுத்தும் பார்த்தேன். பெரும்பாலான கீற்றுகள் நன்றாகத் தாங்கின, சில பாதியில் அறுந்தன. அதுமட்டும் போதாது. ஏழு மாதத்துக்கு முன் எல்லாமே நன்றாகத் தாங்கி, இப்போது சில அறுகின்றன என்றால் அதற்கு அர்த்தம் மக்கல்தான். அறிக்கையின்படி எல்லாமே நன்றாகத்தான் தாங்கியிருந்தன. நான் அனுப்பிய அறிக்கை தலைவர் சொல்வதைத்தான் நிரூபித்தது.

பழைய குறிப்பேட்டை எடுத்தேன். பக்கம் உடனே வந்தது. கோட்டுக்குக் கீழே மூன்று எண்கள் தெளிவாகத் தெரிந்தன. அன்று மாலை அறுந்த கீற்றுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்தேன். கிட்டத்தட்ட அதே எண்கள். இருபதுக்கு மூன்று என்ற அளவும் ஏறக்குறைய அப்படியே. நல்ல கீற்றுகள் ஏழு மாதம் ஈரமண்ணில் கிடந்தும் கொஞ்சம்தான் தளர்ந்திருந்தன. பை மக்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதற்கடுத்த கணமே இன்னொன்றும் புரிந்தது. செடிகளைக் காப்பாற்றும் ஆதாரம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது நான் அடித்துவிட்ட அந்த மூன்று எண்கள். அதைக் காட்டினால் நான் மறைத்ததையும் காட்ட வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொய்யை யோசித்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பழைய சுருளில் மிச்சம் ஒரு துண்டு இருக்கிறது, அதை இன்றுதான் புதிதாகச் சோதித்தேன் என்று சொல்லலாம். மிச்சத் துண்டு நிஜமாகவே அலமாரியில் இருந்தது, ஆனால் அதுவும் ஏழு மாதப் பழையதாகிவிட்டது. தலைவர் கெட்டிக்காரர். அலமாரியிலேயே அது கெட்டிருக்கலாமே என்று கேட்பார். முதல் நாள் எண் இருக்கிறதா என்பார். நேர்மையால் மட்டும் நான் உண்மையைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு எதுவும் நிற்காது என்று தெரிந்ததும் அதற்கு ஒரு காரணம்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பனிமூட்டத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். தலைவர் தோட்டத்துப் பங்களாவிலேயே தங்கியிருந்ததால் அவரும் வந்திருந்தார். குறிப்பேட்டைத் திறந்து தொரையின் கையில் கொடுத்தேன்.

"சார், இந்த மூணு எண்ணையும் பாருங்க. பை செஞ்ச அன்னைக்கு எடுத்தது. நான் கோடு போட்டு அடிச்சிருக்கேன். இது நேத்து எடுத்தது. ரெண்டும் ஒண்ணு."

தொரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இது அழுகல் இல்லையா?"

"இல்ல சார். பை செய்யும்போதே இருந்த குறை. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். நான் அத பிடி நழுவினதுன்னு எழுதி ஒதுக்கிட்டேன். தண்ணி ஊத்தினவங்க மேல ஒரு பிழையும் இல்ல."

தலைவர் குறிப்பேட்டை வாங்கினார். அடித்த மூன்று எண்களின் மேலும் விரலை ஓட்டினார். "நிச்சயமா?" என்று கேட்டார். ஒரே சொல்தான்.

இந்த இடத்தில் நீங்கள் எல்லாரும் ஒரு நாள் நிற்பீர்கள். நிச்சயம் என்று சொல்லத் தோன்றும். நான் ஏற்கனவே ஒரு முறை "தாங்கும்" என்று யோசிக்காமல் சொல்லிப் பட்டிருந்தேன்.

"முழு நிச்சயம் இல்லை. இதுவரை மக்கவில்லை என்பது நிச்சயம். இனிமேலும் மக்காது என்று சொல்ல முடியாது. வாராவாரம் ஒரு பாத்திக்கு இரண்டு பை எடுத்துக் கீற்று வெட்டிப் பார்க்கிறேன். நல்ல கீற்றுகளின் எண் இறங்க ஆரம்பித்தால் அன்றே பை மாற்றிவிடலாம். அதுவரை ஒரு பையையும் தூக்க வேண்டாம்" என்றேன்.

தலைவர் செல்வராணியைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நீங்க என்ன சொல்றீங்க?"

செல்வராணி என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "மிஸ் அன்னைக்கே இத சொல்லியிருந்தா நான் பைய வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு தொரை பக்கம் திரும்பினார். "ஆனா தூக்க வேணாங்கிறதுதான் சரி சார். பாத்தியச் சுத்தி மூங்கில் புடிச்சு இறுக்கிருவோம். ஆனி வரைக்கும் நான் ஒருத்தரையும் கிட்ட விடமாட்டேன்."

தொரை பேனாவை எடுத்து ஐம்பது பேரையும் கொழுந்து பறிக்க எழுதினார்.

அதற்குப் பிறகு வந்த பத்து வாரங்களைப் பற்றி அறிக்கையில் ஒரு அட்டவணை மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் போனேன். உயரம் பார்த்துப் பிரிக்காததால் நெட்டைச் செடியின் நிழலில் குட்டை வாடாமலிருக்க, செல்வராணியின் ஆட்கள் நின்ற இடத்திலேயே நுனி கிள்ளிச் சரிப்படுத்தினார்கள். தண்ணீரைக் குழாயால் அடிக்காமல் பூவாளியால் தூவினார்கள். பாத்தி ஓரங்களை மூங்கில் பிளாச்சால் கட்டி இறுக்கினார்கள். முதல் மூன்று வாரம் செல்வராணி என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு நல்ல பையின் எண் சட்டென்று இறங்கியது. பேனா தானாகவே அந்த எண்ணின் மேல் போய் நின்றது. உண்மையாகவே நின்றது. எழுதியதை அடிக்காமல், அதே பையிலிருந்து இன்னும் நான்கு கீற்று வெட்டினேன். நான்கும் தாங்கின. இறங்கிய கீற்றைப் பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், நடுவில் ஒரு பொட்டு. அந்த எண்ணையும் அந்தப் பொட்டையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று செல்வராணிக்கு எண்ணைச் சொன்னேன், பயந்ததையும் சொன்னேன்.

"பயந்தா நல்லதுதாங்க மிஸ்" என்றார். அன்றுதான் முதல் முறையாகத் தேத்தண்ணி கொடுத்தார்.

ஆனி மழை அந்த வருடம் சரியாக இறங்கியது. நடுகைக்கு முதல் நாள் செல்வராணி பெண்களையெல்லாம் கூட்டி ஒரே ஒரு தடவை செய்து காட்டினார். பையை மேலே பிடித்துத் தூக்காமல், அடியில் தகரத் தட்டைச் சரித்துச் செருகி, ஐந்தைந்தாக ஈரப் படங்கு விரித்த பலகைக்கு நகர்த்த வேண்டும். பலகையை இரண்டு பேர் பிடித்து மலையேற வேண்டும். குழிக்குள் பலகையோடு சரித்துப் பையோடே இறக்கிவிட்டு மண்ணைத் தள்ள வேண்டும்.

நான் குடையை ஒரு பக்கம் போட்டுவிட்டு மலையடியில் நின்றேன். முதல் பலகை ஏறியது. அதில் ஒரு பை வழியில் பிளந்தது, மண் கட்டியோடு செடியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு பெண் ஓடிப்போய்க் குழியில் வைத்தாள். இரண்டாவது பலகை ஏறியது, மூன்றாவது ஏறியது. பத்தாவதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சில பைகள் கிழிந்தன, சில செடிகள் போயின. ஆனால் மத்தியானத்துக்குள் மேல் துண்டு முழுக்கப் பச்சை வரிசை தெரிந்தது. கத்தி ஒருவர் கையிலும் இல்லை. கானில் கறுப்புப் பொலித்தீன் ஒரு துண்டும் இல்லை.

செல்வராணியின் மகள் தன் துண்டில் கடைசிக் குழியை மூடிவிட்டு நிமிர்ந்து, சேற்றுக் கையாலேயே தலையில் கட்டிய துணியை அவிழ்த்தாள். "முடிஞ்சிருச்சும்மா" என்றாள். செல்வராணி அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாக என் தோளில் ஏறி நின்ற ஏதோ ஒன்று இறங்கிப் போனது. யாரோ ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து நீட்டினார்கள். மழை ரொட்டியை நனைத்தது. அதைவிட ருசியாக நான் எதையும் தின்றதில்லை. திரும்பும் வழியில் வான் வண்டியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேனாம், சாரதி சொல்லிச் சிரித்தார்.

தலைவர் என்னை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். திருத்திய அறிக்கையை நானே எழுதி, என் பெயரில், முதல் அறிக்கை யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லாருக்கும் அனுப்பச் சொன்னார். அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நியாயம்தான். அறிக்கையின் நகலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "தண்ணீர் ஊற்றியதைப் பற்றி எழுதச் சொன்னேன் அல்லவா, அதுவும் பிழை. அது என்னுடையது." அதற்குப் பிறகும் பல வருடம் அவரோடு வேலை செய்தேன். அந்த ஒரு வசனத்துக்காகவே செய்திருப்பேன்.

கினிகத்தேனைக்கும் போனேன். பாஸிடம், "நீங்க சொன்ன பொட்டுத்தான்" என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நானோ களியைத் தனியாகக் காயவைக்காமல், ஈரமாக இருக்கும்போதே மாவுச்சத்தோடு பிசைந்து, இரண்டையும் சேர்த்துக் காயவைத்து மணிகளாக்கினோம். மாவுச்சத்து இழைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டதால் அவை ஒட்டவில்லை. ஏழாவது தடவை சரிவந்தது. பாஸ் அந்தச் சுருளை வாசலுக்குக் கொண்டுபோனபோது நானும் கூடவே போய் அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன். வெயில் ஒரே நிறமாக ஊடுருவி வந்தது. இன்று நீங்கள் செய்யும் பை அந்தச் சுருளின் பிள்ளைதான்.

இதில் பாடம் என்ன என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடிக்காத எண்தான் நாளைக்கு ஒருவருடைய செடியைக் காப்பாற்றப் போகிறது என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்க வேண்டுமென்று தோன்றினால் இன்னும் நான்கு கீற்று வெட்டுங்கள். தெரியாது என்று சொல்லும்போது, எதைக் கண்டால் முடிவை மாற்றுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரில் நிற்பவர் அதை வைத்து வேலை செய்ய முடியும்.

நட்டு ஒரு வருடம் கழித்து அந்த மலைக்குப் போயிருந்தேன். செல்வராணியின் மகள் துண்டில் செடிகள் முழங்காலுக்கு வந்திருந்தன. பை என்னவாயிற்று என்று பார்க்க எனக்கு ஆசை. ஒரு செடியின் பக்கத்தில் மண்டியிட்டு, சின்னக் கரண்டியால் மெதுவாகத் தோண்டினேன். வேர் வந்தது, இன்னும் வேர் வந்தது. பை இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஈர வெங்காயச் சருகு போல ஒரு துணுக்கு விரலில் ஒட்டியது, தேய்த்ததும் மண்ணோடு மண்ணாகப் போனது. அடுத்த பக்கத்தையும் தோண்டினேன்.

மேலே வரப்பில் நின்றுகொண்டிருந்த செல்வராணி இடுப்பில் கையை ஊன்றிச் சத்தம் போட்டார்.

"போதுங்க மிஸ், நோண்டாதீங்க. அது நல்லாத்தானே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

நான் மண்ணைத் தள்ளி, கையால் தட்டி மூடிவிட்டு எழுந்து வந்தேன்.